சொல்லி வைத்த பூ

“இந்தத் தடவ நெசமாவே ஆயிடுச்சாம்மா?” என்று இஸ்மாயில் பாய் கேட்டார்.

சரசா ரிசீவரைக் காதில் வைத்தபடி கூடத்தைப் பார்த்தாள். அப்பா பாயில் தெற்கே தலை வைத்துக் கிடந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியது அவள்தான். வேறு துணி கையில் அகப்படவில்லை, பழைய வேட்டியின் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். தாடைக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம். வாய் சற்றே திறந்திருந்தது, ஏதோ கேட்க வந்தவர் போல.

“ஆயிடுச்சு பாய். காலைல அஞ்சு பத்துக்கு.”

பாயின் பூக்கடை தாபோடி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். மறுமுனையில் ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

“தப்பா எடுத்துக்காதம்மா. போன தடவ அப்பிடி ஆனதால வாயில வந்துடுச்சு. கலியண்ணன் நல்ல மனுசன்.”

“பரவால்ல பாய். மாலை வேணும். ரெண்டு ரோசா மாலை, நாலு சேவந்தி, உதிரிப்பூ ரெண்டு கிலோ.”

“நேத்து சாயங்காலம் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. உனக்குத் தெரியாததா?”

அவளுக்குத் தெரியும். இந்த மராத்தி ஊரில் பூக்கடை கிடையாது. சாகண் டவுனைத் தாண்டி மண் பாதையில் உள்ளே வர வேண்டும். ரிட்டயரான தொழிற்சாலைக்காரர்களுக்கென்று நூறு மனை போட்டார்கள், பதினோரு வீடுகள் எழும்பின. பூ வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே தாபோடிக்குப் போன் செய்ய வேண்டும். சொன்ன அளவுக்குத்தான் இஸ்மாயில் பாய் விடியற்காலை மார்க்கெட்டில் எடுப்பார். கட்டி முடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, எட்டரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பத்தேகாலுக்கு இங்கே நிறுத்தத்தில் போய் நின்றால் வாங்கிக்கொள்ளலாம். கல்யாணமோ கிரகப்பிரவேசமோ, பூவுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சாவுக்கும் அப்படித்தான்.

“இன்னிக்கி ரெண்டு மண்டபத்துல கல்யாணம்மா. கட்டினதெல்லாம் ஏழு மணிக்கே போயிடுச்சு. ரோசா மார்க்கெட்டுலயே இல்ல, எல்லாம் வெளிநாட்டுக்குப் போற நேரம். நாளைக்குன்னா நானே எடுத்துக்கினு வரேன்.”

“நாளைக்கு சனிக்கிழம பாய்.”

“ஆமா இல்ல,” என்றார் அவர். ஆம்பூர்க்காரர். சனிக்கிழமை எடுக்கும் பிணம் தனியாகப் போகாது என்பதை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. “சரிம்மா. எங்கனா நாலு முழம் மாட்டுச்சுன்னா அனுப்பறேன். நம்பிக்கினு இருக்காத.”

ரிசீவரை வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். போன் இருந்தது அப்பாவின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி. கட்டிலில் இப்போது மெத்தை இல்லை, ரப்பர் ஷீட் மட்டும் மடித்துக் கிடந்தது.

*

இரண்டு வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் மாதம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கத்துக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தது, பிடித்துக்கொண்டால் நடப்பார். ஒரு சாயங்காலம் திடீரென்று நினைவு தப்பியது. சாகண் டாக்டர் வந்து பார்த்து, இந்த ராத்திரி தாண்டுவது கஷ்டம், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். பாணேரில் இருக்கும் தம்பி பத்ரிநாத்துக்குப் போன் செய்தாள். அவன் எதையும் முன்னாலேயே யோசிக்கிறவன், அதற்குத்தான் அவனுக்கு ஆபீசில் சம்பளம். “அக்கா, பூவுக்கு இப்பவே சொல்லிடு. அப்புறம் நாளைக்கு அப்பா வெறுங்கழுத்தோட போற மாதிரி ஆயிடும்” என்றான். அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சொன்னாள்.

காலையில் அப்பா கண் விழித்தார். “காப்பி” என்றார்.

பத்தேகாலுக்குப் பஸ் வந்தது. கண்டக்டர் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்துவிட்டு நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். அவள் அதைச் சுமந்துகொண்டு வீட்டின் பின்பக்கமாக வந்து, கொல்லைக் குளியலறையில் வைத்து, ஈரச் சாக்கால் மூடினாள். மத்தியானம் அப்பா கொல்லைப் பக்கம் போக வேண்டும் என்று கை காட்டினார். தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனபோது அவளுக்கு அந்த ஞாபகமே இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காதவள்.

சாக்கு விலகிக் கிடந்தது. இரண்டு ரோஜா மாலை, ஐந்து சேவந்தி மாலை, ஒரு கூடை உதிரிப்பூ.

அப்பா நின்றுவிட்டார். அவருடைய கனம் முழுவதும் அவள் தோளில் இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணுகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கோணலாகிப் போன வாயால் மெதுவாகச் சொன்னார்.

“வெயில் படுது பாரு. நெழல்ல வை. வாடிடும்.”

அவ்வளவுதான். சாயங்காலம் அவள் மாலைகளை ஊர்ப் பிள்ளையார் மண்டபத்துக்குக் கொடுத்தனுப்பினாள். இத்தனை தடிமனான மாலையை அவர்கள் பார்த்ததில்லை, மதராஸி மாலை என்று மூன்று நாள் பேசினார்கள். யாருக்காகக் கட்டியது என்று அவள் சொல்லவில்லை. பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

அதன் பிறகு அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிரே வெள்ளை வெள்ளையாகப் படுத்திருக்கும் பாலிஹவுஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதெல்லாம் ரோஜா. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஏக்கர் கணக்கில் ரோஜா. சாயங்காலம் குளிர்சாதன வண்டி அதை ஏற்றிக்கொண்டு விமானத்துக்குப் போகும். “ஏரோப்ளேன்ல போற பூ” என்பார். “ஊரே பூ. ஒருத்தி தலையில பூ இல்ல.” சிரிக்கவும் செய்வார். ஆனால் அவள் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் கண் அந்தப் பக்கம் திரும்பும். காஸ் சிலிண்டருக்குச் சொல்வதானாலும் திரும்பும்.

நேற்று டாக்டர் மறுபடியும் அதையே சொன்னார். பத்ரி ஆறு மணிக்குப் போன் செய்தான்.

“பூவுக்குச் சொல்லிட்டியாக்கா?”

அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மூச்சு ஏறி ஏறி இறங்கியது. இந்தத் தடவை சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் அதை அவனுக்கு விளக்கும் தெம்பு இல்லை. “சொல்லிட்டேன்” என்றாள். லைன் கரகரத்தது. அவன் “என்ன?” என்றான். “சொல்லிட்டேன், பூவுக்குச் சொல்லிட்டேன்” என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

ரிசீவரை வைத்த பிறகுதான் இரண்டடி தூரம் அவளுக்கு உறைத்தது. அப்பாவின் கண் திறக்கவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். காது கடைசியில்தான் அடங்கும் என்று எங்கோ படித்திருந்தாள். அவள் பூவுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. சொல்லிவிட்டேன் என்று சொன்னது மட்டும் கேட்டிருக்கும்.

*

ஒன்பது மணிக்கு மந்தாபாய் வந்தாள். பக்கத்து வீடு. பாலிஹவுஸில் பூ தரம் பிரிக்கிற வேலை. விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். மராத்திதான் பேசுவாள், சரசாவுக்கும் மராத்தி தமிழ் போலவே வரும்.

“பாபா போயிட்டாராமே, சரசாதாயி. இப்பதான் வாட்ச்மேன் சொன்னான்.” குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து சுற்றிலும் பார்த்தாள். “பூ?”

“இல்ல.”

“பஸ்ஸுல வருதா?”

“வரல. சொல்லல.”

மந்தாபாய் ஏன் என்று கேட்கவில்லை. சரசா குனிந்து, அப்பாவின் மேலிருந்த துணியை நீவிவிட்டாள். காலையிலிருந்து அழாதவள். இப்போதும் அழவில்லை.

“மொதலாளி மொட்டு குடுக்க மாட்டான்,” என்றாள் மந்தாபாய். “ஒண்ணொண்ணும் எண்ணி வச்சிருக்கான். அடுத்த வெள்ளிக்கிழமை இந்தப் பூ போற ஊருல எல்லாரும் காதலிக்கணுமாம். நேத்துலேருந்து எங்களுக்கு ரெண்டு ஷிப்டு. ஆனா விரிஞ்ச பூ இருக்கு. விரிஞ்சுட்டா வெலை இல்ல, குழியில கொட்டிடுவான். எருமை தின்னும்.” சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “ஒரு சாக்கு எடு. வா.”

“அப்பா தனியா…”

“என் மாமியார வந்து உக்காரச் சொல்றேன். அவர் இனிமே எங்க போகப்போறாரு?”

பாலிஹவுஸ்களுக்குப் பின்னால் இருந்தது குழி. சரசா மூன்று வருஷமாக எதிரிலேயே இருந்தும் அங்கே போனதில்லை. நிஜமாகவே ஒரு எருமை நின்றுகொண்டு ரோஜா தின்றுகொண்டிருந்தது. குழி நிறையச் சிவப்பு. நேற்றையது கறுத்து மக்கிக் கிடந்தது, அதன் மேல் இன்று காலை கொட்டியது. எல்லாம் நன்றாக மலர்ந்த பூக்கள். ஒரு வீட்டுத் தோட்டத்தில் பூத்திருந்தால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். முதலில் நல்லதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். பிறகு கை தானாகப் போனது. எருமை அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதுகு வலித்தது. மூன்று வருஷமாக அப்பாவைத் தூக்கிப் புரட்டிய முதுகு. இனி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தது. வந்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த பூவை எடுத்தது.

*

பதினொரு மணிக்குத் தாபோடியிலிருந்து வேனில் ஆட்கள் வந்தார்கள். அப்பாவோடு வேலை செய்தவர்கள், சங்கத்துக்காரர்கள், மூங்கிலும் கீற்றும் எடுத்து வந்தவர்கள். அப்பாவின் தங்கை பவுன் அத்தை இறங்கும்போதே “அண்ணா” என்று குரலெடுத்தாள். பதினைந்து நிமிஷம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “சரசு, காப்பி போட்டாளா யாராவது உனக்கு?” என்றாள்.

பத்ரி பன்னிரண்டுக்கு வந்தான். காரை வெயிலில் நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்ற முடியாமல் வாசலில் தடுமாறினான். உள்ளே வந்து அப்பாவின் காலருகே உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. சரசா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தபோது அவன் பார்வை அப்பாவின் மார்பில் வந்து நின்றது. வெறும் வெள்ளைத் துணி.

“மாலை எங்கக்கா? பஸ்ஸு வரலியா?”

“பஸ்ஸு வந்துச்சு.”

“அப்புறம்?”

“நான் சொல்லல பத்ரி.”

“சொல்லிட்டேன்னியே. ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவயும் சொல்லிட்டேன்னு சொன்னியே.”

கூடத்தில் யாரோ விளக்குத் திரியைத் தூண்டுவது போல் குனிந்துகொண்டார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம். அன்றைக்கு நீ சொன்ன பூ வந்தது, அதை அவர் பார்த்தார் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வரி. சொன்னால் இவன் வாய் மூடிவிடும். அதற்குப் பிறகு இவனும் தூங்க மாட்டான்.

“மறந்துட்டியா?” என்றான் அவன்.

அவனே எடுத்துக் கொடுத்த வார்த்தையை அவள் வாங்கிக்கொண்டாள்.

“ம்.”

“ஒரே ஒரு விஷயம் சொன்னேன் உங்கிட்ட. ஒண்ணே ஒண்ணு.”

“வுடுடா,” என்றாள் பவுன் அத்தை. “மூணு வருசமா பீ மூத்திரம் வாரினவ பூவுக்குச் சொல்ல மறந்தா இன்னா இப்ப? நீ இத்தினி தூரம் கார்ல வந்தியே, வழில ஒரு கடையில நிப்பாட்டி வாங்கினு வரக்கூடாது?”

“அக்கா சொல்லிட்டேன்னு சொன்னதாலதான அத்த…”

“அதான் சொல்லிட்டாளே மறந்துட்டேன்னு. சும்மா கெட.”

அப்போது பின்கட்டிலிருந்து மந்தாபாயும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். முறத்தில் உதிர்த்த இதழ் குவிந்திருந்தது. மந்தாபாயின் இரண்டு கையிலும் ஒரு மாலை. மாலை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு மாலை கட்டத் தெரியாது, கொத்துக் கட்டத்தான் தெரியும். ஏற்றுமதிக்கு இருபது காம்பைச் சேர்த்து ரப்பர் பாண்டு போடுவது போலவே, நாலைந்து பூவாகச் சேர்த்து ரப்பர் பாண்டு போட்டு, செடிகளை இழுத்துக் கட்டுகிற பச்சைப் பிளாஸ்டிக் கயிற்றில் வரிசையாக இறுக்கியிருந்தார்கள். பூக்கள் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

“இன்னாடி இது, வேலி கட்டினாப்பல கட்டிக்கினு வராளுங்க,” என்றாள் அத்தை, தமிழில், குரலைத் தாழ்த்தி. மந்தாபாய்க்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். “ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க” என்று சரசா மராத்தியில் சொன்னாள்.

மாலையை வாங்கினாள். கையில் சுருக்கென்று குத்தியது. அவசரத்தில் முள்ளை முழுக்க எடுக்கவில்லை. அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மாலையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்த்து, முள்ளை நகத்தால் கிள்ளி எடுக்க ஆரம்பித்தாள்.

“நேரமாவுது சரசு,” என்றாள் அத்தை. பிறகு, “இனிமே அவருக்குக் குத்தவா போவுது?”

சரசா தடவினாள், கிள்ளினாள், கீழே போட்டாள். வெளியே பாடை கட்டுகிறவர்கள் கயிறு கேட்டுச் சத்தம் போட்டார்கள். பத்ரி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எதிரே வந்து குந்தி உட்கார்ந்து, மாலையின் மறு முனையை எடுத்துக்கொண்டு அவனும் தடவ ஆரம்பித்தான்.

ஒன்றரைக்கு எடுத்தார்கள். பாலிஹவுஸ் வரைக்கும் பெண்கள் போனார்கள். வேலைக்காரப் பெண்கள் தரம் பிரிக்கிற கூடத்திலிருந்து வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். குளிர்சாதன வண்டி ஒன்று எதிரே வந்து, பாடையைப் பார்த்ததும் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தது. முறத்தில் இருந்த இதழை யாரோ வீசிக்கொண்டே போனார்கள். திருப்பத்தில் மறைந்தார்கள்.

*

நாலரைக்கு ஆண்கள் திரும்பினார்கள். அதற்குள் கூடம் கழுவி விட்டாயிற்று. கட்டில் வெளியே போய்விட்டது. போன் மட்டும் அதே இடத்தில் இருந்தது. இடையில் ஒரு தடவை அடித்தது. இஸ்மாயில் பாய். நாலு முழம் மல்லி கிடைத்திருக்கிறது, கடைசிப் பஸ்ஸில் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் பாய், எடுத்துவிட்டார்கள் என்றாள். “பூ இருந்துச்சாம்மா?” என்றார். இருந்தது என்றாள்.

பத்ரி வீட்டுக்குள் வராமல் கொல்லைப் பக்கம் போனான். அவள் துண்டும் மாற்று வேட்டியும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மொட்டைத் தலையும் மீசையில்லாத முகமுமாக அவன் வேறு யாரோ போல் இருந்தான். இல்லை, வேறு யாரோ இல்லை. மேலுதட்டில் அப்பாவுக்கு இருந்த அதே பள்ளம்.

குளியலறை வாசலில் அவன் நின்றுவிட்டான். உள்ளே ஒரு வாளி நிறைய ரோஜா, கட்டியது போக மிச்சம். ஈரச் சாக்கு பாதி மூடியிருந்தது.

அவன் குளிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம் வந்தது, நின்றது.

“அக்கா.”

“ம்.”

“அன்னிக்கு வந்துச்சே. நான் சொல்லச் சொன்னேனே. அந்த மாலையெல்லாம் இன்னா பண்ண?”

“மண்டபத்துக்குக் குடுத்துட்டேன்.”

“அதுவரைக்கும் எங்க வச்சிருந்த?”

அவள் துண்டைக் கொடியில் போட்டாள். ஓரத்தைச் சரி செய்தாள்.

“இங்கதான்.”

அவன் அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டான்.

“அப்பாக்குத் தெரியுமா?”

மேற்கே பாலிஹவுஸ் கூரைகள் வெயிலில் தகடு போல் மின்னின. பார்க்க முடியாமல் கண் கூசியது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தெரியாது,” என்றாள்.

அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம். நிறையத் தண்ணீர் விட்டுக்கொண்டான். பிறகு கதவு லேசாகத் திறந்து, ஈரக் கை ஒன்று வாளியை வெளியே தள்ளியது. “இது வழியில இருக்குக்கா.”

வாளி நின்ற இடத்தில் சாய்ந்த வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சரசா குனிந்து பிடியைப் பிடித்தாள். கனமாகத்தான் இருந்தது. சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய் நிழலில் வைத்துவிட்டு, சாக்கை நனைத்துக்கொண்டு வரப் போனாள்.